மாடி பாத்ரூம்: டைல்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை

கேள்வி: புளியரையில் அப்பா கட்டிய வீட்டின் மேல் மாடி எடுத்திருக்கிறோம். மாடி பாத்ரூம் 7-க்கு 5 அடி. தளத்தை முக்கால் அடி பள்ளமாக இறக்கி கான்கிரீட் போட்டாகிவிட்டது, பைப் வேலையும் முடிந்தது, பள்ளத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. நேர் கீழே அம்மா படுக்கும் அறை. "கலவையில் வாட்டர்புரூஃப் மருந்தை ஊற்றி நிரப்பிவிடுவோம், மேலே டைல்ஸ் வந்துவிட்டால் தண்ணீர் எங்கே இறங்கப் போகிறது" என்கிறார் கொத்தனார். புனலூரில் இருக்கும் மச்சான், தனியாகப் பூச்சு அடிக்காமல் நிரப்பவே கூடாது என்று சண்டை பிடிக்கிறார். தரை டைல்ஸும் சுவர் டைல்ஸும் வந்து இறங்கிவிட்டன. ஆவணி பிறந்ததும் பால் காய்ப்பு வைத்திருக்கிறோம். இப்போது சாரல் விடாமல் அடிக்கிறது. யார் சொல்வது சரி? பத்து நாளில் முடித்துவிட முடியுமா?

பதில்: வணக்கம் அண்ணாச்சி. மச்சான் சொல்வதுதான் சரி. பத்து நாளில் முடியாது, முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஆனால் பள்ளத்தை நிரப்பும் முன்னாலேயே கேட்டுவிட்டீர்களே, அது பெரிய விஷயம். எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை கீழ்வீட்டு சீலிங்கில் உப்புப் பூத்து பெயிண்ட் உரிந்த பிறகு எழுதியவை. அந்த நிலையில் டைல்ஸை உடைத்து, உள்ளே ஊறிக் கிடக்கும் செங்கல்லை எல்லாம் அள்ளி எடுத்து, முதலிலிருந்து செய்வதைத் தவிர நல்ல வழி கிடையாது. உங்களுக்கு அந்தச் செலவு வர வேண்டியதில்லை.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்ற நம்பிக்கை நம் பக்கம் மட்டுமில்லை, மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் இருக்கிறது. விட்ரிஃபைடு டைல் என்றால் அது தன் எடையில் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, அது உண்மை. ஆனால் தண்ணீர் இறங்குவது டைல் வழியாக இல்லை, இரண்டு டைலுக்கு நடுவில் இருக்கும் சந்து வழியாக. அந்தச் சந்தில் நாம் தேய்ப்பது சிமெண்ட் கிரவுட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, நாளாக நாளாக மயிரிழை விரிசலும் விழும். தினமும் நாலு பேர் குளிக்கிற இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி, டைலுக்கு அடியில் உள்ள கலவைக்குப் போய், அங்கிருந்து பள்ளத்தில் நிரப்பிய செங்கல் ஜல்லிக்குள் சேரும். நிரம்பும்வரை கீழே ஒரு சொட்டும் தெரியாது. ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துத்தான் அம்மா அறையில் ஓதம் காட்டும், அதற்குள் கொத்தனார் கணக்கு முடித்துப் போயிருப்பார்.

அவர் சொல்லும் மருந்து பொய்யில்லை. சாதாரணமாக 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி என்ற கணக்கில் ஊற்றுவார்கள், அது கலவைக்குள் இருக்கும் துளைகளைக் குறைக்கும். ஊற்றட்டும், நல்லதுதான். ஆனால் கலவை காயும்போது சுருங்கி விரிசல் விட்டால் மருந்து கலந்த கலவையும் விரிசல் வழியே தண்ணீரை விடும். பைப்பைச் சுற்றி இருக்கும் இடைவெளிக்கும் சுவரும் தரையும் சேரும் மூலைக்கும் அது ஒன்றும் செய்யாது. பாத்ரூம் ஒழுகினால் பெரும்பாலும் நடுத்தரையில் ஒழுகாது. மூலையில், பைப் வெளியேறும் துளையில், நிலைப்படிக்கு அடியில், இந்த மூன்று இடத்தில்தான் ஒழுகும். அதனால் உங்கள் காசும் கவனமும் முதலில் அங்கே போகட்டும்.

முதலில் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். சும்மா பெருக்கி விடுவது சுத்தம் ஆகாது. சுவர்ப் பூச்சு பூசும்போது விழுந்த கலவை, பிளம்பர் விட்டுப்போன சிமெண்ட் கட்டி, பசை, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் உளியால் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவிவிட வேண்டும். கான்கிரீட்டின் மேல் வெள்ளையாக மாவு போல ஒரு மெல்லிய படலம் இருக்கும், விரலால் தேய்த்தால் கையில் ஒட்டும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சு அடித்தாலும் படலத்தோடு சேர்ந்து பெயர்ந்துவிடும், அதைக் கட்டாயம் தேய்த்து எடுத்தாக வேண்டும். ஜல்லி வெளியே தெரிந்து கூடு கூடாக இருக்கும் இடங்களில் தளர்ந்ததை எல்லாம் தட்டி எடுத்துவிட்டு, பாலிமர் திரவம் கலந்த சிமெண்ட் கலவையை அழுத்தி நிரப்பச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் மேலாக மெழுகக் கூடாது, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வெட்டித் திறந்து அப்புறம் அடைக்க வேண்டும்.

பைப் துளைகளுக்கு நேரம் கொடுங்கள், கொத்தனார்கள் அவசரப்படுவது இங்கேதான். பி.வி.சி. பைப் வழவழப்பானது, சிமெண்ட் அதைப் பிடிக்காது. வெறும் கலவையை அப்பினால் காய்ந்ததும் பைப்பைச் சுற்றி வட்டமாக ஒரு கீறல் விழும், தண்ணீர் நேராக அந்த வழியில் இறங்கும். பைப்பின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து சொரசொரப்பாக்கி, துளையைச் சுருங்காத கிரவுட் ஊற்றி நிரப்பி, மேலே பைப்பைச் சுற்றி வாய்க்கால் மாதிரி ஒரு காடி விட்டு, அதில் பாலியூரித்தேன் சீலன்ட் வைக்கச் சொல்லுங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் கூர்மையான மூலையாக விடாமல் இரண்டு அங்குலம் அளவுக்குச் சாய்வாகக் கலவை கட்டி உருட்டிவிட வேண்டும். கூர்மூலையில் பூச்சு மெலிந்துபோகும், கட்டிடம் லேசாக அசையும்போது முதலில் கிழிவது அங்கேதான்.

இந்த வேலைக்கு முன்னால் இன்னொன்று. சுவருக்குள் ஓடும் தண்ணீர் பைப்புகளுக்குப் பம்ப் வைத்து பிரஷர் கொடுத்து பார்த்தாகிவிட்டதா என்று பிளம்பரிடம் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பைப் மூட்டு கசிந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது, பழி மட்டும் பூச்சின் மேல் விழும்.

சரி, என்ன பூச்சு அடிப்பது? கடையில் நிறைய டப்பா காட்டுவார்கள். உங்கள் ஊருக்கும் இந்த மாதத்துக்கும் நான் சொல்வது, பொடியும் திரவமும் தனித்தனியாக வந்து கலந்து அடிக்கிற சிமெண்ட்-பாலிமர் வகை. காரணம் சாரல்தான். பாலியூரித்தேன் பூச்சு நல்ல பொருள், ரப்பர் மாதிரி இழுபடும், ஆனால் பெரும்பாலும் தளம் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். ஈரத் தளத்தில் அடித்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். குற்றாலத்தில் சீசன் நடக்கும்போது புளியரையில் கான்கிரீட் உள்ளுக்குள் காயும் என்று எதிர்பார்க்க முடியாது. சந்தேகம் இருந்தால் ஒன்றரை அடி சதுரத்துக்கு ஒரு கெட்டியான பாலித்தீன் தாளை எடுத்துத் தளத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் பாருங்கள். அடியில் நீர் முத்து முத்தாக நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். சிமெண்ட்-பாலிமர் பூச்சுக்கு அந்தக் கவலை இல்லை, சொல்லப்போனால் அடிக்கும் முன் தளத்தை நனைத்துவிட்டு, தேங்கிய தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, ஈரமாக இருக்கும்போதே அடிப்பதுதான் முறை.

முதலில் மூலைகளிலும் பைப்பைச் சுற்றியும் ஒரு கை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலைத் துணியைப் பதித்து, மேலே இன்னொரு கை. அப்புறம் முழுத் தளத்துக்கும் ஒரு திசையில் முதல் பூச்சு. அது காய்ந்த பிறகு குறுக்குத் திசையில் இரண்டாவது. இடையில் எத்தனை மணி நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும், சாரல் காலத்தில் அதை இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூச்சு தரையோடு நிற்கக் கூடாது. பள்ளத்தின் பக்கச் சுவர் முழுக்க ஏறி, முடிந்த தரை மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது சுவரில் போக வேண்டும். ஷவர் வரும் இடத்தில் ஆறடி உயரம். நிலைப்படிக்கு அடியிலும் அறைப் பக்கம்வரை ஏற்றி மடிக்க வேண்டும், அதை விட்டுவிட்டு அப்புறம் கதவு நிலையின் கால் ஊறிப் போகிற வீடுகளை நிறைய பார்த்திருக்கிறேன்.

பொருள் வாங்கும்போது 35 சதுர அடி பாத்ரூம்தானே என்று கணக்குப் போடாதீர்கள். சுற்றளவு 24 அடி. பள்ளம் முக்கால் அடி, மேலே சுவரில் ஓர் அடி, ஆக ஒன்றேமுக்கால் அடி உயரம். அதுவே 42 சதுர அடி. தரையோடு சேர்த்தால் 77. ஷவர் சுவர் அதற்கு மேல் தனி. 35-க்கு மட்டும் வாங்கிவிட்டு, பத்தாமல் போனதும் தண்ணீர் ஊற்றி இளக்கி அடிப்பது சைட்டில் சாதாரணமாக நடக்கும் காரியம். அடித்த மாதிரி நிறம் வரும், கனம் இருக்காது. இரண்டு பூச்சும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

அடுத்தது தண்ணீர் கட்டிப் பார்ப்பது. இந்த ஒன்றை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பூச்சு ஐந்திலிருந்து ஏழு நாள் ஆறிய பிறகு, வெளியேறும் பைப் வாயை அடைத்துவிட்டு, பள்ளத்தில் நாலு அங்குலம் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். 48 மணி நேரம், முடிந்தால் 72. வாளியில் குறைந்த அளவுதான் பள்ளத்திலும் குறைந்திருந்தால் அது காற்றில் போன தண்ணீர், பயப்பட வேண்டாம். பள்ளத்தில் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ வழி இருக்கிறது. கீழே அம்மா அறையின் சீலிங்கை டார்ச் அடித்து சாய்வாகப் பாருங்கள், பீம் ஓரத்தையும் வெளிச்சுவரையும் சேர்த்துப் பாருங்கள், கையை வைத்துப் பாருங்கள். கொத்தனாரையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒழுகினால் இப்போது ஒரு டப்பா பூச்சோடு போகும்.

பள்ளத்தை எதை வைத்து நிரப்புவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். இடித்த பூச்சு, உடைந்த டைல், மரத்துண்டு, சிமெண்ட் பை என்று சைட்டில் கிடக்கும் குப்பையை எல்லாம் அதில் தள்ளி மூடுகிற பழக்கம் இருக்கிறது. கூரான துண்டு பூச்சைக் குத்தும், குப்பை அமுங்கி மேலே தரை வெடிக்கும். தவிர எடை. உங்கள் பள்ளத்தின் கொள்ளளவு 26 கன அடிக்குக் கொஞ்சம் மேல், செங்கல்லும் கலவையும் போட்டு நிரப்பினால் ஒன்றேகால் டன் தளத்தின் மேல் உட்காரும். அப்பா காலத்துச் சுவர்களின் மேல் எடுத்த மாடி என்பதால், ஏ.ஏ.சி. பிளாக் என்கிற எடை குறைந்த கான்கிரீட் கல்லின் துண்டுகளை வைத்து நிரப்பச் சொல்வேன், எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். நிரப்பும் முன் பூச்சின் மேல் ஓர் அங்குலம் கலவை போட்டு மூடிவிடுங்கள், அதுதான் பூச்சுக்குக் கவசம். அதற்கும் முன்னால் பள்ளத்தின் அடிமட்டத்தில், தாழ்வான மூலையில், ஓர் அங்குல பி.வி.சி. பைப் ஒன்றை வெளிச்சுவர் வழியாக வெளியே விட முடியுமா என்று பாருங்கள். வைப்பதானால் பூச்சுக்கு முன்பே வைத்து, மற்ற பைப்புகளைப் போலவே சுற்றிலும் அடைத்து, வாயில் வலை கட்டி, கூழாங்கல் போட வேண்டும். என்றைக்காவது உள்ளே தண்ணீர் சேர்ந்தால் அது அம்மா அறைக்குப் போகாமல் வெளியே சொட்டும், உங்களுக்கும் தகவல் தெரியும். அதைக் கழிவு பைப்போடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நாற்றம் மேலே ஏறும்.

நிரப்பிய பிறகு மேல் கலவையில் வாட்டம் கொடுக்க வேண்டும். டைல் ஒட்டும்போது வாட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 80-க்கு 1 என்று எடுத்தால் உங்கள் 7 அடி நீளத்துக்கு ஓர் அங்குலம் இறக்கம், தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பை நோக்கி. ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றி அது ஓடுவதையும் பாருங்கள். எம்-சாண்ட் என்று சொல்லிப் பாறைப்பொடியை இறக்கிவிட்டுப் போகிறார்களா என்றும் கவனியுங்கள், மாவு அதிகமான பொடியில் போட்ட கலவை தாறுமாறாக வெடிக்கும். ஏழு நாள் நனைத்துவிட்டு, இந்த வாட்டக் கலவையின் மேலும் அதே பூச்சை இரண்டு கை அடியுங்கள், டிராப்பின் கழுத்துக்குள் இறங்கும்படி. கொத்தனார் முகம் சுளிப்பார். கீழே அடித்தது கடைசிக் காவல், மேலே அடிப்பதுதான் தினமும் வேலை செய்யப் போவது. மேல் பூச்சு இருந்தால் நிரப்பிய பிளாக் ஊறவே ஊறாது. இரண்டாவது கை ஈரமாக இருக்கும்போதே கொஞ்சம் பருமணலைத் தூவி விட்டால் டைல் பசை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இதற்கும் ஆறவிட்டு, ஒருமுறை தண்ணீர் கட்டிப் பாருங்கள், ஒரு நாள் போதும்.

இதை எல்லாம் கூட்டிப் பார்த்தால், சாரலில் குறைந்தது நாலு வாரம் ஆகும், அதற்குமேல் டைல்ஸ் வேலை. பால் காய்ப்பைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. கீழ்வீட்டு பாத்ரூம் இருக்கிறது, வருகிற சொந்தக்காரர்களுக்கு அது போதும். மாடி பாத்ரூம் கதவைப் பூட்டிவிட்டு விசேஷத்தை நடத்துங்கள். முகூர்த்தத்துக்காகப் பூச்சு காயும் நாளைக் குறைத்தால் அந்த வீட்டில் படுத்து எழும்பப் போவது உங்கள் அம்மாதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டைல்ஸ் ஒட்டுவதில் சுருக்கமாகச் சில விஷயங்கள். விட்ரிஃபைடு டைல் தண்ணீர் குடிக்காது என்பதால் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது. டைல் பசை வாங்குங்கள், மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பல் கரண்டியால் முழுப் பரப்பிலும் இழுத்து ஒட்ட வேண்டும். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை உருண்டையாகப் பசை வைத்து ஒட்டினால் இடைவெளியில் தண்ணீர் தேங்கும், தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும். டைலுக்கு டைல் ஒட்டி உரசாமல் ஸ்பேசர் போட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து விட்டு, பசை காய்ந்த பிறகு எபாக்ஸி கிரவுட் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் 35 சதுர அடிக்கு எவ்வளவு ஆகிவிடும்? தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் மட்டும் கிரவுட் வேண்டாம், சிலிக்கான் வையுங்கள்.

பூச்சு அடித்த தளத்தின் மேல் யாரும் நூல் கட்ட ஆணி அடிக்காமல், ஏணியை நிறுத்தாமல், கலவை குழைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏறி இறங்க வேண்டியிருந்தால் சாக்கு விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியாக கமோடு. தரையில் உட்காரும் கமோடு என்றால் பிளம்பர் டிரில் போட்டு ஸ்க்ரூ இறக்குவார், அந்தத் துளை மேல் பூச்சைத் தாண்டித்தான் போகும். துளையைத் தூசி இல்லாமல் ஊதிவிட்டு, சிலிக்கானை நிரப்பிய பிறகே ஸ்க்ரூவைத் திருக வேண்டும். இன்னும் கமோடு வாங்கவில்லை என்றால் சுவரில் தொங்கும் வகையைப் பாருங்கள், தரையில் ஒரு துளையும் தேவைப்படாது, ஆனால் அதற்குச் சுவரில் ஃபிரேம் வைக்க வேண்டும், கழிவு பைப்பும் சுவருக்கு வர வேண்டும் என்பதால் பள்ளத்தை நிரப்பும் முன்பே பிளம்பரிடம் பேசிவிடுங்கள்.